கடலின் விதைநெல்

உழவர் இல்லத்துக் குதிரில் நெல் இருக்கும். அந்நெல் வேறு, விதைநெல் வேறு. மழை பொய்த்து, வயல் காய்ந்து, உலையில் இட அரிசியில்லாத நாளிலும் விதைநெல்லின்மேல் உழவர் கை வைப்பதில்லை. அதனைக் குற்றி உண்டால் சில நாட்பசி தீரும். ஆனால் அடுத்த பருவத்தில் வயலில் தூவ ஒன்றும் இராது. பசித்த வயிற்றோடும் விதையைக் காத்தல் உழவுத் தொழிலின் முதல் அறமாகும்.

மீனவர் தொழில் இத்தகையது அன்று. அவர் விதைப்பதில்லை, நீர் பாய்ச்சுவதில்லை, களை எடுப்பதில்லை. அறுவடை ஒன்றே அவர் செய்வது. ஆகவே, கடலிலும் விதை என ஒன்று உண்டு என்னும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. கடல் பெரிது, அதில் மீன் என்றும் குறையாது என்றே நெடுங்காலம் உலகோர் நம்பி வந்தனர். அந்நம்பிக்கை பிழையானது என்பதை அனுபவத்தால் உணர்ந்து, தம் கடலின் ஒரு பகுதியை விதைநெல்லாக ஒதுக்கிவைத்த மீனவர் ஊர் ஒன்று பிலிப்பைன் தீவுகளில் உள்ளது. அதன் பெயர் ஆப்போ. பரப்பிற் சிறிய அத்தீவு, கடலைக் காக்கும் நெறியில் உலகுக்கு ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

தீவுக்குச் செல்லும் வழி

பிலிப்பைன் நாடு 7,641 தீவுகளைக் கொண்டது. அவற்றின் நடுப்பகுதியில் நெக்ரோஸ் என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் தென்கிழக்குக் கரையில் அமைந்தது துமகெத்தே நகரம். 1901 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சில்லிமன் பல்கலைக்கழகம் அந்நகரில் உள்ளது. அப்பல்கலைக்கழகத்து அறிஞர்க்கும் ஆப்போத் தீவின் மீனவர்க்கும் ஏற்பட்ட நட்பே பின்னர்க் கூறப்படும் செயல்களுக்கெல்லாம் அடிப்படையாகும்.

துமகெத்தேயிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே ஒரு சாலை செல்கிறது. அதன் ஒருபுறம் கடலும் தென்னந்தோப்புகளும், மறுபுறம் தாலினிஸ் மலையும் காட்சியளிக்கும். அச்சாலை வழியே சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் மலதபாய் என்னும் கரையோர ஊரை அடையலாம். அங்கே புதன்கிழமைதோறும் பெருஞ்சந்தை கூடும். உள்நாட்டு உழவர் காய்கனிகளையும் கால்நடைகளையும் கொண்டுவருவர்; கடலோரத்தார் மீனும் கருவாடும் கொண்டுவருவர். ஆப்போவுக்குச் செல்லும் படகுகள் அவ்வூர்க் கரையிலிருந்தே புறப்படுகின்றன.

அந்நாட்டுப் படகுக்குப் ‘பங்கா’ என்பது பெயர். உடல் ஒடுங்கிய அப்படகு அலையிற் கவிழாதிருக்கும்பொருட்டு இருபுறமும் நீண்ட மூங்கில்களை மிதப்புகளாகக் கட்டியிருப்பர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது நீரின்மேற் கால்களைப் பரப்பி நிற்கும் பூச்சியைப் போலத் தோன்றும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் அது தீவை அடைந்துவிடும். காற்று மிகுந்த நாட்களிலோ இடைப்பட்ட கடற்பகுதி கொந்தளிக்கும். பயணிகள் நனையாமற் கரையேறுதல் அரிது.

ஆப்போ, எரிமலையால் தோன்றிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 72 ஹெக்டேர். அஃதாவது, 180 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எரிமலையின் வெம்மை முற்றும் ஆறவில்லை என்பதற்கு அடையாளமாக, கடலடியில் சில இடங்களிற் சிறுகுமிழிகள் இடையறாது எழுந்துகொண்டிருக்கின்றன. மேட்டு நிலம் பாறை மிகுந்தது. பயிர்த்தொழிலுக்குப் போதிய இடம் இல்லை. தீவினர்க்குப் பன்னெடுங்காலமாக வயலும் தோட்டமும் கடலே. அக்கடலின் வளத்துக்குக் காரணம் தீவைச் சூழ்ந்துள்ள பவளப் பாறையாகும்.

பவளப் பாறை

பவளப் பாறை என்னும் பெயரைக் கேட்போர், அதனைக் கல் என்று கருதுவர். கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் அதன் தோற்றத்தைக் காண்போர், செடி என்று கருதுவர். உண்மையில் அது கல்லும் அன்று, செடியும் அன்று. சிறிய உயிர்கள் பல கூடி வாழும் ஊர் அது. அவ்வுயிர்களைப் பவளப் பூச்சிகள் என்பர். ஒவ்வொன்றும் ஒரு சிறு குழாயைப் போன்றது. ஒருபுறம் வாயும், வாயைச் சுற்றி விரல்போன்ற உணர்கொம்புகளும் உண்டு. கடல்நீரிற் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு அவை தம் மெல்லிய உடலுக்கு அரணாகச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை மடிந்தபின் அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை தன் கூட்டைக் கட்டுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூட்டின்மேற் கூடாக உயர்ந்து நிற்பதே பவளப் பாறை.

இவ்வுயிர்கள் தனித்து வாழ்வதில்லை. ஒவ்வொரு பவளப் பூச்சியின் உடலினுள்ளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசிக்கு இருப்பிடமும், உணவு சமைப்பதற்கு வேண்டிய கரியமில வாயுவும் பூச்சியிடமிருந்து கிடைக்கின்றன. பாசியோ கதிரவன் ஒளியால் தான் சமைத்த உணவிற் பெரும்பகுதியைப் பூச்சிக்கு அளிக்கிறது. பவளத்தின் வண்ணங்களுட் பலவும் இப்பாசியால் வருவனவே. ஒளியின்றிப் பாசி வாழாது; ஆதலால், தெளிந்த, ஆழம் குறைந்த, வெப்பமான கடல்களிலேயே பவளப் பாறைகள் தழைத்து வளர்கின்றன. திரண்ட உருவுடைய பவளங்கள் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். கிளைவிடும் இனங்கள் அவற்றினும் விரைந்து வளரும்.

உலகக் கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த இடத்தையே பவளப் பாறைகள் கொண்டுள்ளன. ஆயினும், கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி தம் வாழ்நாளின் ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றை அண்டி வாழ்கின்றன. பாறையின் பொந்துகள் மீன்களுக்கு வீடு. அதன்மேற் படரும் பாசி அவற்றுக்கு உணவு. அதன் கிளைகள் குஞ்சுகளுக்குத் தொட்டில். அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பதும் அதுவே. பவளப் பாறை அழிந்தால் மீனும் அழியும். மீன் அழிந்தால் மீனவர் வாழ்வும் அழியும்.

வளம் குன்றிய காலம்

தீவினர் முன்னோர் தூண்டிலையும், மூங்கிலாற் பின்னிய மீன்கூடுகளையும், பெரிய கண்களையுடைய வலைகளையும் கொண்டு மீன் பிடித்தனர். அவை வேண்டிய மீனை மட்டும் பிடித்தன. பாறைக்கு ஊறு செய்யவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அப்பகுதியிற் புதுமுறைகள் சில பரவின. வெடிமருந்தை நீரில் எறிந்து மீன்களைக் கொல்வது ஒன்று. சயனைடு என்னும் நஞ்சைப் பாறையிடுக்குகளிற் பாய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிப்பது மற்றொன்று. ‘முரோ-ஆமி’ என்னும் முறையில், கயிற்றிற் கட்டிய கற்களாற் பவளப் பாறையை மோதி, அஞ்சி ஓடும் மீன்களை வலையில் வீழ்த்துவர். மிகச் சிறிய கண்களையுடைய வலைகளும் வந்து, குஞ்சுகளையும் விடாமல் வாரின.

இம்முறைகளால் தொடக்கத்தில் மீன் மிகுதியாகக் கிடைத்தது உண்மை. ஆனால், நூறாண்டு வளர்ந்த பவளம் ஒரு வெடியில் நொறுங்கியது. வீடு இழந்த மீன்கள் திரும்பி வரவில்லை. 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் அப்பகுதி மீனவர்க்கு அருகிருந்த கடலில் வலை நிறையவில்லை. அவர்கள் நெடுந்தொலைவு படகு செலுத்த வேண்டியதாயிற்று, உழைப்பு பெருகியது, மீனோ சிறுத்தது. மீன் குறையக் குறைய, எஞ்சியதைப் பிடிக்க மேலும் கொடிய முறைகளை நாடினர். விதைநெல்லையே குற்றி உண்ணும் நிலை அது.

அறிஞரும் மீனவரும்

சில்லிமன் பல்கலைக்கழகத்தில் உயிரியற் பேராசிரியராக விளங்கியவர் ஏஞ்சல் அல்காலா. அவர் 1929 ஆம் ஆண்டிற் பிறந்தவர். கடலின் ஒரு பகுதியில் மீன்பிடித்தலை அறவே நிறுத்தினால், அப்பகுதியில் மீன் பெருகி, சுற்றியுள்ள கடலுக்கும் பயன் தரும் என்பது அவர் கருத்து. அதனைச் செயலிற் காட்ட, செபுத் தீவின் தென்முனைக்கு அருகிலுள்ள சுமிலோன் என்னும் சிறுதீவைத் தேர்ந்தெடுத்தார். 1974 ஆம் ஆண்டில் அத்தீவின் பவளப் பாறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காப்பிடமாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரியலாயின.

பின்னர் அல்காலாவும் அவருடைய துணைவர்களும் ஆப்போவின் மக்களை நாடிச் சென்றனர். ஊராரிடம் எடுத்துரைக்கும் பணி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடைபெற்றது. மீனவர் உடனே இசையவில்லை; அதில் வியப்பும் இல்லை. நாள்தோறும் பிடிக்கும் மீனே நாள்தோறும் உண்ணும் உணவு. கடலிற் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டால், மீனிலும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது எளிய கணக்கன்றோ? அக்கணக்கு பிழையானது என்பதைச் சொல்லால் மெய்ப்பிக்க இயலாது. ஆகவே, ஆப்போவின் மக்கள் சிலரைச் சுமிலோனுக்கே அழைத்துச் சென்று, காக்கப்பட்ட கடலின் வளத்தைக் கண்ணாரக் காணச் செய்தனர்.

1982 ஆம் ஆண்டில் பதினான்கு குடும்பத்தினர் முன்வந்தனர். தீவின் தென்கிழக்கே ஏறத்தாழ 450 மீட்டர் நீளமுள்ள கரையை ஒட்டிய கடற்பகுதி காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. அது தீவைச் சூழ்ந்த பவளப் பாறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எல்லையிட வேலி இல்லை. காவலுக்குப் படை இல்லை. கரையில் ஒருவர் அமர்ந்து கடலை நோக்கியிருந்தாற் போதும். குடும்பத்தினர் முறைவைத்துக் காவல் புரிந்தனர். எஞ்சிய ஊரார் ஐயத்தோடு பார்த்திருந்தனர்.

மூன்று ஆண்டுகளுள் மாறுதல் தெரிந்தது. காப்பிடத்துள் மீன்கள் எண்ணிக்கையிலும் உருவத்திலும் பெருகின. 1985 ஆம் ஆண்டளவில் ஊர் முழுவதும் காப்பிடத்தை ஏற்றுக்கொண்டது. அம்மட்டோடு நில்லாமல், தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதிலும் வெடியும் நஞ்சும் முரோ-ஆமியும் சிறுகண் வலையும் கூடாவென விலக்கினர். தூண்டிலும் மூங்கிற்கூடும் பெருங்கண் வலையும் மீண்டும் ஆட்சிக்கு வந்தன. தீவு அடங்கிய தாவின் நகராட்சி, ஊரார் வகுத்த விதிகளுக்குச் சட்டவலிமை அளித்தது. கடற்காவலர் குழுவும் அமைந்தது. அக்காவலரை அந்நாட்டு மொழியிற் ‘பந்தாய் தாகாத்’ என்பர். ‘கடலுக்குக் காவல்’ என்பது அதன் பொருள்.

மீன் பெருகும் முறை

பத்தில் ஒரு பங்கைப் பிடிக்காமல் விட்டால் மீதிக் கடலில் மீன் பெருகுவது எங்ஙனம்? இதற்கு இரு காரணங்கள் உண்டு.

மீன்பிடித்தல் நிகழும் கடலிற் பெரிய மீன்களே முதலிற் பிடிபடும், சிறியனவே எஞ்சும். காப்பிடத்திலோ மீன்கள் முதிரும்வரை வாழ்கின்றன. ஒரு மீன் நீளத்தில் இருமடங்கு வளர்ந்தால், எடையில் ஏறத்தாழ எண்மடங்காகிறது. பெரிய தாய்மீன் ஒன்று இடும் முட்டைகள், சிறிய தாய்மீன்கள் பல கூடி இடும் முட்டைகளினும் மிகுதியாக இருத்தல் கூடும். அம்முட்டைகளும் அவற்றிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சுகளும் நீரோட்டத்திற் கலந்து நெடுந்தொலைவு செல்கின்றன. காப்பிடத்தில் விளையும் விதை, வேலியில்லாத பிற வயல்களிலும் சென்று விழுகிறது. இது முதற்காரணம்.

காப்பிடத்தில் மீன் நிறைந்தபின், அங்கே இடமும் இரையும் போதாமற் போகின்றன. வளர்ந்த மீன்கள் சில எல்லையைக் கடந்து வெளியேறுகின்றன. குளம் நிரம்பியபின் மறுகால் பாய்வதைப் போன்றது இது. குளத்தின் கரையை உடைத்தால் ஒருநாள் வெள்ளம் கிடைக்கும்; மறுகாலில் வழியும் நீரைக் கொண்டால் பருவமெல்லாம் பாசனம் நடக்கும். காப்பிடத்தின் எல்லையருகே தூண்டிலிடும் மீனவர்க்குக் கிடைப்பது அம்மறுகால் நீரே. இது இரண்டாம் காரணம்.

இவை வெறுங்கருத்துகள் அல்ல, அளந்தறிந்த உண்மைகள். ஆஸ்திரேலியாவிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ரஸ் என்பவரும் அல்காலாவும் நீரில் மூழ்கி, ஆண்டுதோறும் மீன்களை எண்ணிக் கணக்கெடுத்தனர். பாரை மீன்களும், வாலடியிற் கத்திபோன்ற முள்ளுடைய ஒருவகை மீன்களும் அத்தீவினர் மிகுதியாகப் பிடிப்பன. 1983 ஆம் ஆண்டுக்கும் 2001 ஆம் ஆண்டுக்கும் இடையில், காப்பிடத்துள் அவ்விரு மீன் குடும்பங்களின் மொத்த எடை மும்மடங்காயிற்று. மீன்பிடித்தல் தொடர்ந்து நிகழ்ந்த, ஒப்புநோக்குதற்குரிய இடத்தில் அத்தகைய பெருக்கம் காணப்படவில்லை. முன்னர் நெடுந்தொலைவு சென்று பெற்ற மீனைத் தீவினர் பின்னர்த் தம் கரைக்கருகிலேயே, குறைந்த நேரத்திற் பெற்றனர்.

சுமிலோன் தந்த பாடம்

ஆப்போவுக்கு வழிகாட்டிய சுமிலோன் பின்னர் என்ன ஆயிற்று? அத்தீவின் காப்பிடம் பல்கலைக்கழகத்தின் முயற்சியாலும் நகராட்சியின் ஆணையாலும் அமைந்தது. தீவில் நிலையாகக் குடியிருந்து, அது தமது எனக் கருதிக் காக்கும் ஊரார் அங்கே இல்லை. உள்ளூராட்சியில் மாறுதல் ஏற்பட்டபோது காவல் தளர்ந்தது. 1984 ஆம் ஆண்டில் அடியோடு குலைந்தது. பத்தாண்டுகள் காத்த கடலில் வெடியும் முரோ-ஆமி வலையும் மீண்டும் புகுந்தன.

விளைவு விரைவில் தெரிந்தது. 1985, 1986 ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கின்படி, தீவைச் சுற்றிக் கிடைத்த மொத்த மீனளவு முன்னிருந்ததிற் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மீன்பிடிக்கும் பரப்பு முன்னினும் கூடியிருந்தது, மீனோ குறைந்தது. காப்பிடத்தை மூடியபோது மீன் மிகுந்ததும், அதனைத் திறந்தபோது மீன் குறைந்ததும் ஒரே உண்மையின் இருபக்கங்கள்.

சுமிலோனில் நிகழ்ந்தது மற்றோர் உண்மையையும் காட்டிற்று. நல்ல திட்டம் மட்டும் கடலைக் காப்பதில்லை. சட்டம் மட்டும் காப்பதில்லை. அதனாற் பயன்பெறும் மக்கள் அதனைத் தமதாக ஏற்றுக் காக்கும்போதே அது நிலைபெறுகிறது. இரண்டு தீவுகளிலும் கடல் ஒன்றே, அறிவியல் ஒன்றே. வேறுபட்டது காவலை ஏற்றவர் யார் என்பதே.

காண வருவோர்

ஆப்போவின் புகழ் பரவியபின், பல நாட்டாரும் அக்கடலைக் காண வரலாயினர். வருவோர் முதலிற் கட்டணம் செலுத்திப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் அவர்களுக்கு விதிகள் எடுத்துரைக்கப்படும். பவளத்தைத் தொடலாகாது, அதன்மேற் காலூன்றி நிற்றலும் ஆகாது. மனிதர் கால் பட்டாற் பவளப் பூச்சியின் மெல்லிய தசை நசுங்கிப்போகும். சிப்பியாயினும் சங்காயினும் எடுத்துச் செல்லலாகாது. படகுகள் கண்ட இடத்தில் நங்கூரம் பாய்ச்சாமல், அதற்கென அமைந்த மிதவைகளிற் கட்டப்பட வேண்டும். ஒரு நங்கூரம் இழுபட்டால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துவிடும்.

முகக் கண்ணாடி அணிந்து நீரின்மேல் மிதந்தவாறு கீழே நோக்குவார்க்குத் தோன்றும் காட்சி வியத்தற்குரியது. மான்கொம்பு போலக் கிளைத்தன சில பவளங்கள். மேசை போல விரிந்தன சில. மூளை போல மடிப்புற்றுத் திரண்டன சில. கடற்சாமந்தியின் நச்சு இதழ்களுக்கிடையே செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள் அச்சமின்றி ஒளிந்து விளையாடும். கிளிமீன்கள் அலகு போன்ற பற்களாற் பாறையைச் சுரண்டும் ஓசை நீரினுள் தெளிவாகக் கேட்கும். அவை சுரண்டி விழுங்கும் பவளத்துண்டுகள் பின்னர் வெண்மணலாக வெளிவருகின்றன. பவளத் தீவுகளின் கரையிலுள்ள வெண்மணலில் ஒரு பகுதி அம்மீன்கள் அரைத்துத் தந்ததே. ஆழம் மிகுந்த இடங்களிற் பாரை மீன்கள் நூற்றுக்கணக்கிற் சுழன்று திரியும்.

ஊருக்கு எதிரேயுள்ள ஆழமற்ற நீரிற் பேராமைகள் பசுக்கள் மேய்வதைப் போலக் கடற்புல்லையும் பாசியையும் மேய்ந்துகொண்டிருக்கும். மூச்சு வாங்குதற்கு அவ்வப்போது மேலெழுந்து தலைகாட்டி, மீண்டும் அமிழும். அவற்றைத் துரத்துதலும் தொடுதலும் விதிக்கு மாறானவை. மனிதரால் துன்புறாமையின், அவை மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை.

வருவோர் செலுத்தும் கட்டணம் காப்பிடத்தின் காவலுக்கும் தீவின் பொதுநலத்துக்கும் பயன்பட்டது. படகோட்டுதல், வழிகாட்டுதல், உணவும் உறைவிடமும் அளித்தல் எனப் புதிய தொழில்கள் தோன்றின. பிடிபட்ட மீன் ஒரு முறையே விலைபோகும். கடலில் விடப்பட்ட மீனோ ஒவ்வொரு நாளும் பொருள் ஈட்டித் தந்தது.

எதிர்ப்பட்ட இடர்கள்

ஆப்போவின் வரலாறு இடரற்றதன்று. 1994 ஆம் ஆண்டில் பிலிப்பைன் அரசு அத்தீவையும் சூழ்ந்த கடலையும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதனால் நாட்டின் சட்டம் தீவுக்குத் துணையாயிற்று, பெருமையும் சேர்ந்தது. ஆயினும், அதுவரை ஊரார் கூடி எடுத்த முடிவுகளைப் பின்னர்ப் பல துறையினர் அடங்கிய வாரியம் எடுக்கலாயிற்று. கட்டண வருவாய் அரசின் கணக்கிற் சேர்ந்து, அதில் நான்கில் மூன்று பங்கு பின்னர் மீண்டும் வரும் முறை ஏற்பட்டது. அதுவும் காலம் தாழ்ந்தே வந்தது. தாம் பெற்று வளர்த்த பிள்ளையைப் பிறர் கையில் ஒப்புவித்தாற் போன்ற மனக்குறை தீவினர் பலர்க்கு உண்டாயிற்று. காவல் யாருடையது என்னும் வினா, சுமிலோனைப் போலவே ஆப்போவிலும் எழுந்தது. அரசின் வலிமையும் ஊராரின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் இணைந்து நிற்கவேண்டும் என்பதே அதற்கு விடை.

இயற்கையும் ஒருமுறை சோதித்தது, மறுமுறையும் சோதித்தது. 2011 டிசம்பரில் ஒரு புயலும், 2012 டிசம்பரில் மற்றொரு பெரும்புயலும் அப்பகுதியைத் தாக்கின. முப்பதாண்டு காத்த காப்பிடத்தின் பவளங்கள் பேரலையால் முறிந்து, சிதைந்த கற்குவியலாயின. காண வருவோர்க்கு அப்பகுதி மூடப்பட்டது. தீவின் மற்றப் பக்கங்களிற் பவளம் பெரிதும் தப்பியது.

புயலை எந்தக் காவலராலும் தடுக்க இயலாது. அவ்வாறே கடல்நீர் வெப்பமுறுவதையும் ஓர் ஊரால் தடுக்க இயலாது. வெப்பம் மிகும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி, நிறமிழந்து வெளுத்துப்போகும். அந்நிலை நீடித்தாற் பட்டினியால் மடியும். 2023 ஆம் ஆண்டிற் தொடங்கி உலகின் பல கடல்களிலும் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன. இது மாந்தர் அனைவரும் கூடித் தீர்க்க வேண்டிய இடர்.

ஆயினும், காவலுக்கு இங்கும் ஒரு பயன் உண்டு. முறிந்த பவளத்தின்மேற் பாசி அடர்ந்து படர்ந்தால், புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் இராது. பாசி மேயும் மீன்கள் மிகுந்துள்ள கடலில் அவ்விடம் துப்புரவாக இருக்கும். பவளம் மீண்டும் முளைக்க வழி பிறக்கும். நோயுற்றவர்க்கு உடல்வலிமை எத்தகையதோ, பவளப் பாறைக்கு மீன்வளம் அத்தகையது. நோயை அது தடுக்காது. நோயிலிருந்து மீளத் துணைசெய்யும்.

பரவிய நெறி

பதினான்கு குடும்பங்கள் தொடங்கிய செயல் ஒரு தீவோடு நிற்கவில்லை. பிற ஊர் மீனவர் ஆப்போவுக்கு வந்து கண்டு, தம் கடலிலும் காப்பிடங்களை அமைத்தனர். 1991 ஆம் ஆண்டுச் சட்டம், கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலை ஆளும் பொறுப்பை நகராட்சிகளுக்கு வழங்கியது. அதனால் இம்முயற்சி எளிதாயிற்று. இன்று பிலிப்பைன் நாட்டில் இத்தகைய காப்பிடங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டுள்ளன. அவற்றுட் பல மிகச் சிறியவை; எல்லாம் ஒரே வகையிற் காக்கப்படுவதாகவும் கூற இயலாது. எனினும், ஊரார் தாமே முன்வந்து கடலைக் காக்க முடியும் என்பதற்கு அவை சான்றாகும்.

அல்காலா 1992 ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். 2014 ஆம் ஆண்டில் அவருடைய நாடு அவருக்குத் தேசிய அறிவியலறிஞர் என்னும் சிறப்பை அளித்தது. 2023 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய பெரும்பணி, மீனைப் பற்றி ஆராய்ந்ததோடு முடியவில்லை. ஆராய்ந்து கண்டதை மீனவர்தம் உள்ளத்திற் பதியும்வரை பொறுமையோடு எடுத்துரைத்ததிலும் அடங்கியிருந்தது. அறிஞர் சொல்லை ஆராய்ந்து ஏற்று, பசியையும் ஐயத்தையும் பொருட்படுத்தாமற் காவலிருந்த அக்குடும்பங்களின் பணியும் அதற்குக் குறைந்ததன்று. அவர்களின் பெயர்கள் உலகறிந்தவை அல்ல. அவர்கள் விளைத்த பயனை உலகம் அறியும்.

கடல் எல்லார்க்கும் பொது. பொதுவான பொருளை எல்லாரும் எடுத்துக்கொள்வர். அதனைக் காப்பதற்கோ ஒருவரும் வாரார் என்பது உலக வழக்கு. அவ்வழக்கை மாற்ற முடியும் என்பதை ஆப்போத் தீவினர் செய்து காட்டினர். பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர்கள் எஞ்சிய பங்கைக் காத்துக்கொண்டனர். விதைநெல்லைக் காத்த வீட்டில் அடுத்த பருவத்திலும் அடுப்பு எரியும். கடலுக்கும் அதுவே விதி.